ஏழு மூட்டைச் சில்லு

புதுக்கோட்டை, தூத்துக்குடி
20 ஜூலை 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்கா பிளாரன்சுக்கு, தம்பி சிலுவை எழுதுவது. இங்கே நானும் சுஜிதாவும் சுகம். அவளுக்கு மட்டும் முட்டுவலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் படியைக் கட்டியவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறாள். உன் சுகத்துக்கும் மடத்துத் தாயார், மற்ற சகோதரிகள் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறோம். கன்னியாஸ்திரீயைப் போய் 'நீ' என்று எழுதலாமா என்று இப்போதும் சுஜிதா கேட்கிறாள். அடைப்பு மடத்துக்குள் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டால் என் அக்கா 'நீங்கள்' ஆகிவிடுவாளா என்றேன்.

உனக்குப் போன் இருந்தால் இதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவேன். மாதம் ஒரு கடிதம்தான் என்று உங்கள் மடத்துச் சட்டம் இருப்பதால், பேனா பிடிக்க மறந்துபோன கை உன் ஒருத்திக்காக எழுதுகிறது.

யார்டில் புதுத் தலைவலி ஒன்று. பழைய பாட்டிலையும் உடைசலையும் வாங்கி, நிறம் பிரித்து, மூடி, கல், பீங்கான் எல்லாம் பொறுக்கி எடுத்து, பாட்டில் பேக்டரி உலைக்கு லாரியில் அனுப்புவது எங்கள் வேலை என்று உனக்குத் தெரியும். இப்போது ஒரு குளிர்பானக் கம்பெனி புதுவகைக் கண்ணாடியில் பாட்டில் விட்டிருக்கிறது. குறைந்த சூட்டிலேயே உருகிவிடுமாம். எரிபொருள் மிச்சம், புகையும் கம்மி. நல்ல காரியம்தான். ஆனால் பழைய கண்ணாடியோடு சேராது. ஒரே உலையில் இரண்டும் விழுந்தால் பாட்டில் சுவருக்குள் நூல்நூலாகவும் கொப்புளமாகவும் நின்றுவிடும், அந்த இடத்தில் பலம் இருக்காது என்று கம்பெனி ஆள் வந்து வகுப்பெடுத்தார். முழு பாட்டில் என்றால் அடியில் இலை முத்திரை இருக்கிறது, பார்த்துப் பிரித்துவிடலாம். உடைந்த சில்லில் முத்திரைக்கு எங்கே போவது? அதற்கென்று ஒரு விளக்குப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே காட்டினால் பழைய சில்லின் விளிம்பு பச்சை அடிக்கும். புதுசு வெறும் தண்ணீராக நிற்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.

"மேஸ்திரி, இது ரெட்டப் பிள்ளையள மாதிரில்லா இருக்கு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது போல" என்கிறாள் பேச்சித்தாய். யார்டில் பிரிக்கிற பதினோரு பெண்களில் அவள்தான் மூத்தவள்.

வியாழக்கிழமை அந்த விளக்கு அணைந்துவிட்டது. வேறு வர பத்து நாள் ஆகுமாம். ஏழு மூட்டைச் சில்லு பிரிக்காமல் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை லாரி வருகிறது. அன்றைக்குத்தான் பனிமய மாதா கோவில் கொடியேற்றமும். பெண்கள் எல்லோரும் லீவு கேட்கிறார்கள். என்ன செய்யப் போகிறேனோ. நீ செபத்தில் என் யார்டையும் சேர்த்துக்கொள்.

உன் தம்பி,
சிலுவை

*

மடம், சிறுமலை அடிவாரம்
2 ஆகஸ்ட் 2025

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக.

அன்புத் தம்பிக்கு, அக்கா நலம். மூத்த சகோதரி ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இறங்கியது. சுஜிதாவின் முட்டுக்குக் கொள்ளு ஒத்தடம் கொடுக்கச் சொல். 'நீ' என்றே எழுது. இங்கே என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

கொடியேற்றத்தன்று காலையில் நான் தோட்டத்தில் வெண்டை பறித்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் வெடி போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கக் கூடாது என்று வேலையைப் பார்த்தேன்.

உன் ரெட்டைக் கண்ணாடி பற்றிச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தாயாரிடம் சொன்னேன். அவர் மிகவும் ரசித்துக் கேட்டார். கடைசியில், "அந்த ஏழு மூட்டை என்ன ஆச்சாம்?" என்றார். எனக்குத் தெரியாதே. எழுது.

இந்த மாதத்திலிருந்து தபால் வாங்கி வைக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோர் கடிதமும் என் கை வழியாகத்தான் தாயாரிடம் போகிறது. உன் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறேன்.

செபத்துடன்,
அக்கா பிளாரன்ஸ்

*

புதுக்கோட்டை
24 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம். உன் கொள்ளு ஒத்தடம் சுஜிதாவுக்குக் கேட்கிறது. இப்போது திட்டு பாதிதான்.

திருநாள் நல்லபடி முடிந்தது. சப்பரப் பவனிக்குக் கூட்டம் தாங்கவில்லை. கொடியேற்றத்தன்று யார்டுப் பெண்கள் பதினோரு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் கோவிலுக்குப் போனார்கள். எப்படி ஏறினார்கள் என்று கேட்காதே. பேச்சித்தாய் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

லாரி நேரத்துக்குப் போய்விட்டது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். வன்னியபெருமாள் அண்ணாச்சி மாதிரி ஒரு முதலாளி கிடைப்பது கஷ்டம் அக்கா. பேக்டரியிலிருந்து ஏதோ ஒரு கடுதாசி வந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பேசிக்கொண்டோம்.

புது விளக்கு வந்துவிட்டது. ஹார்பரில் கப்பல்களிலிருந்து இறங்குகிற பாட்டிலும் இனி எங்களுக்கே. வேலைக்குக் குறைவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

சிலுவை

*

மடம்
10 செப்டம்பர் 2025

ஆண்டவருடைய சமாதானம்.

அன்புத் தம்பிக்கு, நலம். மழை இரண்டு நாள் பெய்து வெண்டையைச் சாய்த்துவிட்டது. காய்ச்சல் வந்த மூத்த சகோதரி எழுந்து நடக்கிறார்.

பதினோரு பேர் ஷேர் ஆட்டோவில் போனதை வாசித்துக் காட்டினேன். இங்கே சத்தமாகச் சிரிப்பது அபூர்வம். சிரித்தோம்.

தாயார் மறுபடியும் அந்த மூட்டைகளைப் பற்றிக் கேட்டார். "உன் தம்பி நல்ல கதைசொல்லி, ஆனால் முடிவை விட்டுவிடுகிறான்" என்றார். நான், மறந்திருப்பான் என்றேன்.

அடுத்த மாதம் உன்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் வருத்தப்பட மாட்டேன். வேலை இருக்கும்.

அக்கா

*

புதுக்கோட்டை
2 நவம்பர் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். இன்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, உன் பேரிலும் ஒரு திரி வைத்தேன். செப்டம்பரிலும் அக்டோபரிலும் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

திருச்செந்தூரில் சண்முகத்தாய் என்று ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சோடாக் கடை. சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம், கூட்டத்தில் ஒருவருக்குப் பன்னீர் சோடா எடுத்துக் கொடுக்கும்போது பாட்டில் கையிலேயே வெடித்துவிட்டது. வலது கண் போய்விட்டது. உள்ளங்கையில் பதினாலு தையல்.

மறுநாள் திருவிழாப் பாட்டில் அள்ள நான் மினி லாரியோடு அங்கே போயிருந்தேன். அந்தக் கடை வாசலைக் கூட்டி, ஒரு சாக்கில் கட்டி என்னிடம்தான் கொடுத்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், "சோடா கம்பெனிக்காரன் செந்தூர்வேலு இருக்கான்லா, கூட்டத்துக்கு அவசரமா காத்தக் கூட அடிச்சு அனுப்பிட்டான். போலீஸ் வந்து கம்பெனிய சீல் வச்சாச்சு. நல்ல பயதான். கஷ்டகாலம்."

சாக்கில் பாட்டிலின் அடிப்பாகம் முழுசாகக் கிடந்தது.

சண்முகத்தாயம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூன்று தடவை போயிருக்கிறேன். நான் யார் என்று கேட்டார்கள். பாட்டில் அள்ள வந்தவன் என்றேன். "பெத்த மவன் மாதிரி வாறிய தம்பி" என்று இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பேரை உன் செபத்தில் சேர்த்துக்கொள். செந்தூர்வேல் என்ற பேரையும் சேர்த்துக்கொள்.

சிலுவை

*

மடம்
16 நவம்பர் 2025

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு.

அன்புத் தம்பிக்கு, நாங்கள் எல்லோரும் நலம். இரண்டு பேரையும் தினமும் பேர் சொல்லி நினைக்கிறோம்.

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நானே நாலு தடவை படித்தேன். முன்பின் தெரியாத ஒருவரை மூன்று தடவை போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சிலுவை, சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டால் அன்று முழுக்க யாரும் கேட்காமலே வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பாய். அது எனக்குத் தெரியும்.

பாட்டிலின் அடிப்பாகத்தில் என்ன பார்த்தாய்?

திருவருகைக்காலம் வருகிற முப்பதாம் தேதி தொடங்குகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருகிற கடிதங்கள் தாயார் அறை அலமாரியில் பூட்டியிருக்கும். எழுதுவதாக இருந்தால் அதற்கு முன் எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

*

புதுக்கோட்டை
1 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பதாம் தேதி தாண்டிவிட்டது என்று தெரியும். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது அஞ்சாவது. தாயார் ஒருவேளை மனமிரங்கிக் கொடுத்தால் படி.

பாட்டிலின் அடியில், நாங்கள் சில்லு அனுப்புகிற பேக்டரியின் முத்திரையோடு 31 என்று இருந்தது. அந்தப் பேக்டரி, வருஷத்தின் எத்தனையாவது வாரத்தில் வார்த்ததோ அந்த நம்பரை அடியில் போடும். முப்பத்தோராவது வாரம் என்றால் ஜூலை கடைசி. கொடியேற்றத்தன்று நான் அனுப்பிய லாரி அந்த வாரம்தான் உலைக்குப் போனது. அடிப்பாகத்தை யார்டுக்குக் கொண்டுவந்து கழுவி வெயிலில் பிடித்தேன். சுவருக்குள் நூல் மாதிரி ஓடுகிறது அக்கா. நகத்தால் தடவினால் தட்டாது. கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த ஏழு மூட்டையையும் நான்தான் லாரியில் தட்டினேன். யாரும் சொல்லவில்லை. பேச்சித்தாய், "விளக்கு வரட்டும் மேஸ்திரி, அது பாட்டுக்கு ஓரமா கெடக்கட்டும்" என்றாள். பேக்டரியில் எடை குறைந்தால் அடுத்த லோடு வேறு யார்டுக்குப் போய்விடும் என்று ஒரு பயம். விளக்கும் இல்லை, பெண்களையும் லீவுக்கு அனுப்பிவிட்டேன், பிரிக்க ஆளில்லை. பதினாறு டன்னில் ஏழு மூட்டை எந்த மூலைக்கு என்று நினைத்தேன். அடியில் தட்டிவிட்டு, 'சோதித்தது' என்று சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் பேக்டரியிலிருந்து வந்த கடுதாசி, உங்கள் லோடில் வேறு கண்ணாடி கலந்திருந்ததா என்று கேட்டுத்தான் வந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏலே சிலுவை, நம்ம சரக்குல அப்படி இருக்குமாலே?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, பாத்துத்தான் அனுப்புனோம்" என்றேன். அவர் அப்படியே பதில் எழுதிவிட்டார். அவருக்கு இன்றுவரை தெரியாது.

பதினேழாம் தேதி செந்தூர்வேல் மேல் விசாரணை. அவன் முப்பது வயதுக்காரன். சீல் வைத்த கம்பெனி வாசலில் போய்த் தினமும் நிற்கிறானாம். நான் வாயைத் திறந்தால் யார்டு மூடிவிடும். பதினோரு பெண்கள் தெருவுக்கு வருவார்கள். அண்ணாச்சிக்கு அவமானம். திறக்காவிட்டால் அவன்.

சுஜிதாவிடம் சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், வரிசையில் நின்று திரும்பி வந்துவிட்டேன். உன்னிடம்தான் கேட்கிறேன். போய்ச் சொல் என்று நீ ஒரு வரி எழுதினால் போய்ச் சொல்லிவிடுவேன். பதினேழுக்கு முன் எழுது அக்கா.

சிலுவை

*

புதுக்கோட்டை
18 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரை எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன்.

நேற்று விசாரணை. சண்முகத்தாயம்மா தூரம் போக முடியாது என்பதால் விசாரணை அதிகாரி அந்தக் கடைக்கே வந்தார். நானும் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சட்டைப் பையில் அந்த லாரிச் சீட்டின் நகல் இருந்தது.

அதிகாரி, "காத்து அளவு பார்த்துத்தான் அடைச்சீங்களா?" என்று கேட்டார். செந்தூர்வேல் தன் கையையே பார்த்தான். பிறகு, "பாப்பேன் சார். எப்பவும் பாப்பேன். அன்னைக்கு சஷ்டிக் கூட்டம். கை பரபரன்னு ஓடிச்சு. ரெண்டு மாசமா யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் சார். கூடத்தான் வச்சிருப்பேன். வேற எப்படி வெடிக்கும்? நாந்தான்" என்றான்.

எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் சண்முகத்தாயம்மா காலில் விழுந்தான். விசும்பி அழுதான். அந்தம்மா குனிந்து அவன் தலையைத் தடவித் தேடினார்கள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் இன்னும் பிடிபடவில்லை. "எந்திரிய்யா. வேணும்னா செஞ்ச? போவட்டும். நான் மன்னிச்சிட்டேன். முருகன் சாட்சியா மன்னிச்சிட்டேன், எந்திரி" என்றார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அது என் வார்த்தை அக்கா. எனக்கு வர வேண்டியது. என் கண் முன்னால் வேறொருவனுக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். இவ்வளவுதான்.

சிலுவை

*

மடம்
26 டிசம்பர் 2025

அன்புத் தம்பி சிலுவைக்கு,

பாலன் பிறந்த நாளின் சமாதானம் என்று எழுதத் தொடங்கினேன். எழுத வரவில்லை.

நேற்றுப் பூசைக்குப் பிறகு தாயார் அலமாரியைத் திறந்து அவரவர் கடிதங்களைக் கொடுத்தார். உன்னுடையவை இரண்டு. தேதி பார்த்து முதலாவதைப் படித்தேன். பிறகு இரண்டாவதைப் படித்தேன். பிறகு முதலாவதையே மறுபடி படித்தேன்.

போ. போய்ச் சொல். பதினேழாம் தேதிக்கு முன் எழுத வேண்டிய வரி இது. இன்று எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் முதல் கடிதம் டிசம்பர் நாலாம் தேதியே வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கியவள் நான். எப்போதும் நேராக எழுதுகிற உன் கை, உறையில் விலாசத்தைச் சாய்த்து எழுதியிருந்தது. மடத்தின் பேரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாயாரிடம் போய், "என் தம்பிக்கு ஏதோ கஷ்டம், இதை மட்டும் படிக்கலாமா?" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். சென்ற வருஷம் வேறொரு சகோதரிக்குக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சட்டத்தையும் மீறாதவள் என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரோடு கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு, செபத்துக்கு மணியடித்ததும் போனேன். உனக்காகத்தான் செபித்தேன். கடிதம் பத்தடி தூரத்தில் இருந்தது.

நேற்று தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

முதலில் சண்முகத்தாயம்மாளிடம் சொல். பிறகு அதிகாரியிடம். பிறகு உன் அண்ணாச்சியிடம். சுஜிதாவிடம் எல்லோருக்கும் முன்னால் சொல். தனியாகப் போகாதே.

அக்கா

*

புதுக்கோட்டை
18 ஜனவரி 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

நீ உன் மேல் போட்டுக்கொள்ளாதே. எழுதிக் கேட்டவன் நான். பதில் வராவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று எனக்குள்ளே ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். நாள் கடந்த பிறகு எழுதியதும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சுஜிதாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்க, ஏழே முக்கால் பஸ்ஸப் பிடிக்கலாம்" என்றாள். முட்டுவலியோடு கூடவே வந்தாள்.

சண்முகத்தாயம்மா கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, சீட்டு, ஆகஸ்ட் கடுதாசி, விசாரணையன்று நின்றது. அந்தம்மா கல்லாப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்கள். முடித்ததும், "ஆஸ்பத்திரிக்கு எளநி வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். "நான் ஒன் கையப் புடிச்சுட்டு அழுதப்பமும் தெரியும்?" தெரியும் என்றேன்.

நான் காலில் விழப் போனேன். "வேண்டாம். விழாத" என்றார்கள். "அன்னைக்கு அந்தப் பயகிட்ட மன்னிச்சேன்னு சொன்னேம்லா, அது லேசா வரல. எத்தனையோ நாளு படுத்துக் கெடந்து தேடி எடுத்து வச்சிருந்தேன். அதக் குடுத்துட்டேன். ஒனக்குத் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல. செய்யாத தப்புக்கு அவன் என் கால்ல வுழுந்துட்டுப் போயிருக்கான், அவங்கிட்டப் போ."

சுஜிதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டையும் பாட்டில் அடியையும் ஒப்படைத்தேன். மறுபடி விசாரித்து செந்தூர்வேல் பேரை எடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார். என் பேரில் வழக்கு வரும். வரட்டும்.

அண்ணாச்சி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "நான் கேட்டப்பமே சொல்லியிருந்தா, பேக்டரிக்காரன் அந்த வாரத்துப் பாட்டில் பூராத்தையும் திருப்பி எடுத்திருப்பான்லாலே. சண்முகத்தாய் கையில அது போயிருக்காதே" என்றார். யார்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேக்டரி எங்கள் சரக்கை நிறுத்திவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் யார்டைப் பூட்டினார். பேச்சித்தாய் உப்பளத்துக்குப் போகிறாள். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. யாரும் என் போனை எடுப்பதில்லை.

செந்தூர்வேலிடம் இன்னும் போகவில்லை. அவன் ஊரில் இல்லை, பெரியதாழைப் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறானாம்.

சிலுவை

*

மடம்
30 ஜனவரி 2026

ஆண்டவருடைய சமாதானம் உனக்கும் சுஜிதாவுக்கும்.

அன்புத் தம்பிக்கு, உடம்புக்கு நலம். அந்த மூத்த சகோதரி பொங்கலன்று காலமானார். தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம்.

தபால் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிடும்படி தாயாரிடம் கேட்டேன். "அதெல்லாம் முடியாது. இருந்து செய்" என்றார். செய்கிறேன். ஒவ்வொரு உறையையும் இப்போது இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.

அந்தம்மா சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று மூன்று நாள் முயன்றேன். அவர்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. அதனால் ஒன்றும் எழுதவில்லை.

பெரியதாழைக்குப் போ. அந்தப் பையன் தன்னைத்தானே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு கழிக்கிற ஒவ்வொரு நாளும் உன் கணக்கில்தான் ஏறும். போனதும் எழுது. தவக்காலம் பிப்ரவரி பதினெட்டாம் தேதி தொடங்குகிறது, அப்போதும் கடிதம் கிடையாது. அதற்குப் பிறகு வந்தாலும் நான் படிப்பேன். தாயாரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிட்டேன்.

அக்கா

*

புதுக்கோட்டை
15 பிப்ரவரி 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, சுஜிதா சுகம். நான் ஒரு சிமெண்டுக் குடோனில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போகிறேன். இறந்துபோன சகோதரியின் ஆத்துமத்துக்காக நேற்று இங்கே பூசை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெரியதாழைப் பக்கம் போனேன். செந்தூர்வேல் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருக்கோ மிதிவண்டிச் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். ஆனாலும் முகம் தெளிவாக இருந்தது. சண்முகத்தாயம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று என்னை அடையாளம் கண்டு, எழுந்து உள்ளே கூப்பிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை தடுமாறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவன், "இல்ல அண்ணாச்சி" என்றான்.

"தம்பி, நான் கண்ணாடியப் பாத்தேன். நூலு ஓடுது. பாட்டில்தான் பழுது. உங்க மேல தப்பே இல்ல."

"பாட்டில்ல என்ன இருந்திச்சோ எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் காத்துக் குழாயத் திருகுனது எனக்கு ஞாபகம் இருக்கு. எப்பவும் வைக்கிற கோட்டுக்கு மேல ஒரு நூலு வச்சேன். வெரலுக்குக் கூட ஞாபகம் இருக்கு" என்று ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினான்.

முதலில் அவனுக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை அக்கா. விசாரணையன்று, வைத்திருப்பேன் என்றுதான் சொன்னான். இப்போது வைத்தேன் என்கிறான். குழாயின் சத்தத்தைக்கூடச் சொல்கிறான். நான் எவ்வளவு சொன்னாலும் சிரித்துக்கொண்டு, "எனக்காவ ஏத்துக்கிடாதிய அண்ணாச்சி. அந்தம்மாவே மன்னிச்சிருச்சு" என்கிறான்.

கிளம்பும்போது அவன் மனைவி முற்றத்து ஓரத்தில் என்னை நிறுத்தினாள். பேர் இந்துமதி. சின்னப் பெண். குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லுதது நெசந்தான்னு எனக்குத் தெரியுது. ஆனா ரெண்டு மாசம் இவரு தூங்கல. கெணத்துப் பக்கம் போவும்போதெல்லாம் பின்னாலயே போவேன். அந்தம்மா வாயால மன்னிச்சேன்னு சொன்ன பொறவுதான் சோறு திங்காரு, தூங்குதாரு. தப்பே செய்யலன்னா அந்த மன்னிப்பும் இவருக்கு இல்லன்னு ஆயிரும்லா. அதையும் வந்து எடுத்துட்டுப் போயிராதிய" என்றாள்.

அதிகாரியிடமிருந்து அவனுக்கு எப்படியும் தகவல் வரும் என்று அவளிடம் சொன்னேன். வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அங்கேயே நின்றேன். செந்தூர்வேல் வீட்டுக்குள் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "வெயில்ல நடந்து வந்திருக்கிய. கம்பெனி இருந்தா ஒரு சோடா குடுத்திருப்பேன்" என்று வருத்தப்பட்டான். இரண்டு கையாலும் நீட்டினான்.

வாங்கிக் குடித்தேன் அக்கா. முழுவதையும் குடித்தேன்.

உன் தம்பி,
சிலுவை